இடது பெட்டி, வலது பெட்டி

என் மாமனாருக்கு ஆம்ப்ளிபையரைப் பற்றித் தெரிந்த விதி ஒன்றுதான். வாய்க்காலுக்கு அக்கரையில் கேட்க வேண்டும். கேட்டால் அது செட்டு, கேட்காவிட்டால் தகர டப்பா. அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச எதுவும் இல்லை என்பது அவர் கட்சி.

என் கணவர் வேறு கட்சி. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் காலனியில் பேண்ட் போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் தான்தான் என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. என் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அவருக்கு ஒரு கேசட் டெக் கொண்டுவந்து கொடுத்தான். ஊசி ஆடும் கண்ணாடி, மெதுவாகத் திறக்கும் கதவு என்று எல்லாம் இருந்தது. சத்தம் மட்டும் வராது. டெக்குக்குத் தானாகப் பேசத் தெரியாது, அதற்குப் பின்னால் ஒரு ஆம்ப்ளிபையர் வேண்டும், ஆம்ப்ளிபையருக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும் என்று கணவர் விளக்கினார். மாமியார் டெக்கின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, "பாவம், வாயில்லாப் பூச்சி" என்றார்.

பூச்சிக்கு வாய் வாங்கும் வேலை அப்படித்தான் ஆரம்பித்தது. புதிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர்தான் என்று மகன். தெரிந்த மைக் செட்காரரிடம் பழைய வால்வு செட்டு விலைக்கு இருக்கிறது, அதுதான் என்று அப்பா. நடுவில் நான். நாகப்பட்டினத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பகல் முழுக்க அடுத்தவர்கள் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலும் எரிச்சல் வரும். என்னை யாராவது கேட்டிருந்தால் பூச்சியை ஊமையாகவே விடுங்கள் என்றிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டார்கள், அது பிறகு.

அக்கரை என்று மாமனார் சொன்னது மிராசுதார் தெருவை. எங்கள் காலனிக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் கொஞ்சம் வயலும் ஒரு வாய்க்காலும்தான். மாமனார் கல்யாணம் நடந்த காலத்தில் நாயனக்காரர்கள் எங்கள் பக்கம் வாசிக்க வரமாட்டார்கள். அதனால் வண்டி கட்டிக்கொண்டு போய் ஒரு மைக் செட்டைக் கொண்டுவந்து, தென்னை மரத்தில் குழாயைக் கட்டி, ரெக்கார்டில் நாயனம் போட ஏற்பாடு செய்திருந்தார்கள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிராசுதாரின் காரியக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வந்து நின்றார். மரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பிறகு இறக்கினார். வாயைத் திறக்கவே இல்லை. குழாய் இறங்கிவிட்டது. கெட்டிமேளம் இல்லாமலே தாலி ஏறியது. யாரோ ஒரு பெண் தாம்பாளத்தைத் தட்டப் போக, அவள் கையையும் பிடித்துவிட்டார்களாம்.

"ஒருநாள் நம்ம ஊட்டு நாயனம் அந்தத் தெருவுல கேக்கும்" என்று மாமனார் அன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிட்டார். மாமியார் இதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே, "நீ சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல" என்பதையும் சேர்த்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு மாமனார் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்தார். கூலிப் போராட்டம், வெளியூர் ஆளை இறக்கி அறுப்பதைத் தடுக்கிற போராட்டம், நடுநடுவே ஜெயில். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பிறந்த வருஷத்தை அவர் எந்த ஜெயிலில் இருந்தார் என்பதை வைத்துத்தான் சொல்வார்கள். ஒரு கழகம் போய் இன்னொரு கழகம் ஆட்சிக்கு வந்தது. வேட்டிக்கரை மாறியது, வரவேற்பு வளைவில் படம் மாறியது. அதற்குள் கூலி உயர்ந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது, இப்போது அதில் தளம் போட்ட வீடும் எழும்பிவிட்டது. அவர் கேட்டதெல்லாம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது. நாயனம்தான் பாக்கி. ஆவணியில் புதுமனை புகுவிழா, அதற்குள் செட்டு வந்தாக வேண்டும்.

"மாமா, இத்தனை வருஷம் மிராசுதார் தெருவுக்குப் பக்கத்து ரோட்டுல கூட்டம் போட்டு மைக்குல கத்தியிருக்கீங்களே, அது அவங்களுக்குக் கேட்டிருக்காதா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அது சங்கத்து செட்டும்மா. என் ஊட்டு செட்டு இல்லியே" என்றார்.

முதலில் தஞ்சாவூரில் புதிய செட்டு விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. சுவர் ஓரமாக இரண்டு பெட்டிகள், எதிரே நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் ஸ்டீரியோ முழுசாகத் தெரியும் என்று விற்பனையாளர் சொன்னார். கணவர் சாமி கும்பிடுகிற முகத்தோடு உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "அப்பா, நீங்க உக்காந்து பாருங்க" என்றார்.

மாமனார் உட்காரவில்லை. அவர் வாழ்க்கையில் பாட்டுக் கேட்டதெல்லாம் நின்றுகொண்டுதான். மிராசுதார் வீட்டு ரேடியோவை மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்று, கோயில் கச்சேரியை மதிலுக்கு வெளியே நின்று, கூட்டத்துப் பாட்டை மேடைக்குக் கீழே நின்று. பாட்டு என்றால் தூரத்திலிருந்து வரும், நாம் நிற்கிற இடத்தில் வந்து சேரும். அதன் மடியில் போய் உட்கார்ந்துகொள்வது என்னவோ அவருக்குக் கூச்சமாக இருந்தது.

விற்பனையாளர் ஒரு குமிழைத் திருப்பிக் காட்டினார். "இப்படித் திருப்புனா இடது பெட்டி மட்டும் பாடும் ஐயா. இப்படின்னா வலது. நடுவுல வச்சா ரெண்டும் சேந்து பாடும்."

மாமனார் முகம் மலர்ந்தது. "இடதும் வலதும் சேந்து பாடுதா? எங்க கட்சியிலயே அது நடக்கலியே தம்பி."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். இடதுபக்கமும் சாயாமல் வலதுபக்கமும் சாயாமல் வங்கியில் பேர் எடுத்தவர் அவர். பெட்டி என்று வந்தால் மட்டும் இரண்டும் வேண்டும் என்பார்.

அதற்குள் மாமனார் தோளில் சிவப்புத் துண்டைச் சரி செய்துகொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரியில் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, எங்களைப் பார்த்துக் கையை மேலே தூக்கினார். கூட்டு என்று அர்த்தம். விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைத் திறந்து வைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். இன்னும் என்று கை போனது. இன்னும் கூட்டினார். பக்கத்துப் பாத்திரக் கடையில் அடுக்கியிருந்த தவலைகள் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்து, அந்தக் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகு பார்த்தால் மாமனார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"தகர டப்பா" என்றார் திரும்பி வந்து.

"சார், இது ரூமுக்குள்ள கேக்குறதுக்கு" என்றார் விற்பனையாளர், அழாத குறையாக.

"ரூமுக்குள்ள பேசுறதுக்கு எனக்கு வாய் இருக்கே" என்றார் மாமனார்.

அடுத்த வாரம் மைக் செட்காரரிடம் போனோம். கீழ்வேளூர் கடைத்தெருவில் அவர் கொட்டகை. வாசலில் குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு கவிழ்ந்து கிடந்தன. விற்கப்போகிற ஆம்ப்ளிபையரை ஒரு பெஞ்சில் தூக்கி வைத்தார். இரண்டு ஆள் தூக்க வேண்டும். பச்சை பெயிண்ட் உரிந்து, உள்ளே வால்வுகள் சிவந்து எரிந்தன. சூடேறிய பிறகுதான் பேசும் என்றார். கூட வந்திருந்த மாமியார் கையை அதன் மேல் காட்டிப் பார்த்து, "இதுல காபி போடலாம் போலருக்கே" என்றார். சூடேறியதும் உர்ர் என்று ஒரு உறுமல்.

"இது என்ன சத்தம்?" என்று கணவர் முகத்தைச் சுளித்தார்.

"சத்தம் இல்ல சார். செட்டு மூச்சு உடுது."

மாமனார் மைக்கைக் கையில் வாங்கினார். அவ்வளவுதான், பத்து வயது குறைந்துவிட்டது. "ஹலோ, ஹலோ. உழைப்பாளி மக்களே!" கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர் டீக்கடையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கை தட்டினார். ஸ்டீரியோ இல்லை, ஒரே குரல்தான், அதுவும் ஊருக்கே ஒரே குரல். கணவர் காதைப் பொத்திக்கொண்டு, "இது மோனோ" என்று என் பக்கத்தில் முனகினார். "இதுதான்" என்றார் மாமனார். "இது எனக்குப் பழக்கமான செட்டு. நான் பேசுனதெல்லாம் இதுலதான்."

அப்பாவும் பிள்ளையும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் காது சம்பந்தப்பட்ட உத்தியோகம் எனக்குத்தானே. நீ சொல்லு என்றார்கள்.

எனக்கு அந்தச் செட்டைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. அது வீட்டுக்குள் வந்தால் தினமும் பொதுக்கூட்டம்தான், காபி கேட்பதைக்கூட மைக்கில் கேட்பார். ஆனால் அதைச் சொன்னால் மனம் நோகும். எனவே மைக் செட்காரரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "இந்தச் செட்டு எங்கெல்லாம் போயிருக்கு அண்ணே?"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "போகாத எடமே இல்லம்மா. அந்தக் கழகம், இந்தக் கழகம், செங்கொடி, அம்மன் கோயில் திருவிழா. தேர்தல் நேரத்துல காலையில ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. யாருக்கும் இல்லன்னு சொன்னதில்ல." தஞ்சாவூர் ஜில்லாவில் எத்தனையோ பேர் கட்சி மாறியிருக்கிறார்கள். இந்த ஆம்ப்ளிபையர் அளவுக்கு யாரும் மாறியதில்லை.

"மிராசுதாரெல்லாம் சேர்ந்து கூட்டம் போட்டாங்களே, கூலி கேக்குறவங்களத் திட்டி? அதுக்கு?"

"அதுக்கும் இதே செட்டுதான். ரொம்ப நேரம் திட்டுனாங்க. தெளிவா இருந்துச்சு, ஒரு வார்த்த பிசிறல."

மாமனார் கையிலிருந்த மைக்கை ஒரு கணம் பார்த்தார். யாரோ வெற்றிலை போட்ட வாயோடு குடித்த டம்ளரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மெதுவாகப் பெஞ்சில் வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"புதுசே வாங்கிக்கங்க" என்றார். "அதுலயாவது இன்னும் எவனும் பேசியிருக்க மாட்டான்."

புதிய ஸ்டீரியோ ஆம்ப்ளிபையர் வந்தது. கணவர் பெட்டிகளின் இடத்தை நூல் பிடித்துப் பார்த்தார். முன்னறையில் இடது பெட்டி வாசல் கதவை ஒட்டி, வலது பெட்டி அலமாரிக்குப் பக்கத்தில். எதிரே நடுவில் ஒரு நாற்காலி. கடையில் இருந்ததுபோலவே. அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்று சட்டம் போடாத குறை. மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே வரவில்லை. பாட்டு ஓடினால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். அவர் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். செட்டு மேலும் இல்லை, மகன் மேலும் இல்லை. மாமியாருக்குச் சொன்ன ஒரு வார்த்தை வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றுபோய்விட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

புதுமனை புகுவிழா அன்று காலையில் பால் காய்ச்சி முடித்து, சாப்பாட்டுப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் பந்தியில் சாம்பார் வாளியோடு இருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், மாமனார் இரண்டு பெட்டிகளையும் தூக்கி வாய்க்கால் பக்கத்து ஜன்னல்களில் வெளியே பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். நாயனக் கேசட் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தார். என்ன ராகம் என்று பார்த்து வாங்கவில்லை, இருக்கிற கேசட்டுகளிலேயே சத்தம் பெரிசாக உள்ளது எது என்று கேட்டு வாங்கியது.

"இதை எதுவரைக்கும் திருப்பலாம்மா?" என்றார் என்னிடம்.

"போற வரைக்கும் திருப்புங்க மாமா" என்றேன்.

திருப்பினார். வீடு அதிர்ந்தது. கணவர் வாளியோடு ஓடி வந்து, "ஐயோ, ஸ்டீரியோ!" என்று அலறியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆவணி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்து வயலெல்லாம் நிறைந்து கிடந்தது. தண்ணீருக்கு மேலே சத்தம் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒருவருமே யோசித்திருக்கவில்லை. மாமனார் வரப்பில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார், வாய்க்கால் மதகைத் தாண்டி அக்கரையில் ஏறி நின்றார். சிவப்புத் துண்டு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்.

"கேக்குது" என்றார் மாமியாரிடம். "நல்லா கேக்குது."

மாமியார் இலையில் கூட்டு வைத்துக்கொண்டிருந்தார். "சரி, சாப்பிட வாங்க" என்றார். ஆனால் முந்தானையால் கண்ணை ஒருமுறை துடைத்ததை நான் பார்த்தேன்.

மாமனார் சாப்பிட உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கரையிலிருந்து யாராவது வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இவர் முடியாது என்று சொல்ல வேண்டும். அதற்கான வசனத்தை அவர் கல்யாணத்தன்றே எழுதி வைத்துவிட்டார். காத்திருந்தது வீண் போகவில்லை. மிராசுதார் வீட்டில் சமையல் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வரப்பில் வருவது தெரிந்தது. மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அந்த அம்மா மூச்சு வாங்க வந்து நின்றார். "பெரியவரு சொல்லி அனுப்புனாருங்க. அந்தத் தோடி நல்லாருக்காம். அவருக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம். இன்னும் கொஞ்சம் சத்தமா வச்சு, முதல்லேருந்து திருப்பிப் போடச் சொன்னாரு."

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் முகம் விழுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி விழுந்த ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. இத்தனை வருஷத்துப் பழியை எதிராளி சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று இலையை நீட்டுகிறான். இதற்கு என்ன செய்வது? சங்கத்தில் இதற்கெல்லாம் தீர்மானம் கிடையாது.

மாமனார் உள்ளே வந்தார். பட்டென்று செட்டை நிறுத்தினார். ஊரே அமைதியானதுபோல் இருந்தது.

"கேக்கணும்னா இங்க வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா போய்விட்டார். மாமனார் இரண்டு பெட்டிகளையும் ஜன்னலிலிருந்து இறக்கினார். கணவர் நூல் பிடித்து வைத்த அதே இடத்தில், இடதை வாசலை ஒட்டியும் வலதை அலமாரிக்குப் பக்கத்திலும் வைத்தார். கேசட்டை முதலிலிருந்து போட்டுச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு நடுவில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கணவர் வாளியோடு பந்திக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மாமனார் தலையை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பிப் பார்த்தார். "அட, தவில் அந்தப் பக்கமா உக்காந்திருக்கான்" என்றார் தனக்குள்.

பெரியவர் வருவார் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு, சமையல்கார அம்மா கையைப் பிடித்துக்கொள்ள, வரப்பில் வந்து எங்கள் வாசலில் நின்றார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது செத்துப்போன உறவுக்காரர்கள் பேரில்கூட நிலத்தை எழுதி வைத்த மனுஷன் என்று ஊரில் பேச்சு. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டில். மெலிந்து, சட்டை தொளதொளவென்று இருந்தார்.

மாமனார் எழுந்துவிட்டார். எழ வேண்டும் என்று எழுந்ததல்ல அது. உடம்பு எழுந்தது. அதோடு நிற்கவில்லை, வலது கை தோளில் கிடந்த துண்டின் மேல் போனது. எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளப் போகிற கை அது. ஜெயிலுக்கும் தடியடிக்கும் பயப்படாத மனுஷனின் கை.

பெரியவர் அவரைப் பார்த்தார். நீ என்று சொல்லுகிற காலம் போய்விட்டது, நீங்க என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் ஆம்ப்ளிபையரைப் பார்த்தே பேசினார்.

"செட்டு நல்லாருக்கு. பழசா?"

மாமனாரின் கை துண்டின் மேலேயே இருந்தது.

மாமியார் கூட்டுக் கரண்டியோடு உள்ளேயிருந்து வந்தார். "புதுசுங்க. பழசு ஒண்ணும் வேணாம்னு உட்டுட்டோம்" என்றார் பெரியவரிடம். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க? உக்காருங்க. நடுவுல உக்காந்தாத்தான் ரெண்டும் கேக்குமாமே."

மாமனார் கையைத் துண்டிலிருந்து எடுத்தார். உட்கார்ந்தார். தவில் சூடு பிடித்து, கெட்டிமேளம்போல் கொட்டத் தொடங்கியது. மாமியார் கரண்டியோடு அப்படியே நின்று, அது முடிகிறவரை கேட்டார். பந்தியில் போடாத நாற்காலிகள் எனக்குப் பக்கத்திலேயே மடித்துக் கிடந்தன. நான் ஒன்றையும் எடுத்துப் போடவில்லை. பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தில் இடது பெட்டி மட்டும்தான் கேட்டிருக்கும்.